துண்டை அவிழ்க்கச் சொன்னார்கள்

போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் மலையேறுபவர்களுக்கான முதலுதவி வகுப்பு. பாம்புக்கடி பாடம் வந்தபோது, இது எனக்குத் தெரியாததா என்று கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தேன். கடிபட்டவனாக நடித்த நண்பனின் காலில் துண்டை இறுக்கிக் கட்டினேன். பயிற்சியாளர் உடனே அவிழ்க்கச் சொன்னார். அப்படிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலே போகலாமாம். கீறுவதும் கூடாது, வாய் வைத்து உறிஞ்சுவதும் கூடாது. சினிமா பார்த்துக் கற்றதெல்லாம் வீண்!

வீக்கம் வருமுன் ஷூ, கொலுசு, மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். எலும்பு முறிந்தால் செய்வதுபோல் கம்பு வைத்துக் காலை அசையாமல் கட்டி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பாம்பைத் தேடி அலைய வேண்டாம். நம் ஊர் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது.

இதில் என்னைக் கலங்கடித்தது கட்டுவிரியன்தான். தூக்கத்தில் கடித்தால் பெரிதாக வலிக்காது, தடமும் தெரியாமல் போகலாம். இமை தொங்கும்போதுதான் சந்தேகமே வருமாம்.

அப்புறம், 80 கிலோ நண்பனைப் போர்வையில் கிடத்தி 4 பேர் சுமந்து நடந்தோம். இடுப்பு இன்னும் வலிக்கிறது. தூங்கும்போது கட்டுவிரியன் உள்ளே வராமலிருக்க, ஜிப் போன என் கூடாரத்தை முதலில் மாற்ற வேண்டும்.