அம்மா கையெழுத்துப் போட்ட நாள்

அம்மா இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் 31 வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். கூடைக் கயிறு நெற்றியில், பாரமெல்லாம் முதுகில். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ நிறுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். இடுப்பிலிருந்து வலது கால் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி இழுக்குது என்று அவர் சொன்னபோது எண்ணெய் தடவினோம், வேது பிடித்தோம். ஒரு நாள் எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, வாசலில் அவருடைய செருப்பு காலிலிருந்து கழன்று கிடந்தது. அம்மா அது தெரியாமலே நடந்து போய்க்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, கண்டி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். நரம்பு நசுங்குவது தெரியாது. அதற்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும். விடியக்காலை பஸ், கினிகத்தேனை வளைவுகள், கிளினிக் நம்பர், ஸ்கேனுக்குத் திகதி என்று சில வாரம் ஓடியது.

படத்தில் இடுப்பின் 4ஆம், 5ஆம் முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. டொக்டர் அம்மாவின் கால் பெருவிரல் மேல் தன் விரலை வைத்து, "தூக்குங்க அம்மா" என்றார். இடது விரல் எழும்பியது. வலது அசையவில்லை. வட்டு பிதுங்கிய நிறையப் பேருக்கு ஆறு வாரத்துக்குள் வலி தானாகக் குறைந்துவிடும், கத்தியே வேண்டாம், ஆனால் இவருக்குக் கால் பலம் குறைந்துகொண்டு போகிறது, தள்ளிப்போடக்கூடாது என்றார். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஓடிவரச் சொன்னார். இதை முதுகுவலிக்காரர் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அம்மா சம்மதிக்கவில்லை. "முதுகுல கத்தி வச்சா அப்புறம் படுக்கைதான் தம்பி. லயத்துல எல்லாரும் அதான் சொல்றாங்க."

அடுத்த கிளினிக்கில் தயங்கித் தயங்கி டொக்டரிடமே கேட்டேன்: நீங்கள் எங்கே படித்தீர்கள், இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள்? அவர் கோபப்படவில்லை. கதிரையை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மருத்துவப் பீடத்தில் ஐந்து வருடம், பிறகு ஒரு வருடம் இரவு பகலாக வார்டில் உள்ளகப் பயிற்சி. அதற்கப்புறம் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகப் பரீட்சை, எம்.டி. என்ற மேற்பட்டம்; சிரேஷ்ட ரெஜிஸ்ட்ராராக, அதாவது நிபுணராவதற்கு முந்தைய பயிற்சியில், எலும்பு முறிவு வார்டுகள்; வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முள்ளந்தண்டு மட்டும். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதியதிலிருந்து கணக்குப் பார்த்தால் 17 வருடம் என்றார்.

நரம்புப் பிரச்சினைக்கு எலும்பு டொக்டர் ஏன் என்றும் கேட்டேன். முள்ளந்தண்டுக்கு இரண்டு வழியிலும் வருவார்களாம்: மூளை நரம்புச் சத்திரசிகிச்சை படித்து ஒரு கூட்டம், எலும்பு படித்து ஒரு கூட்டம். முள்ளந்தண்டில் எவ்வளவு பழகியிருக்கிறார் என்று கேளுங்கள், அதுதான் முக்கியம் என்றார்.

அம்மா இதையெல்லாம் உற்றுக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஐயா, பதினேழு வருஷமும் உங்க அம்மா காத்துக்கிட்டு இருந்தாங்களா?" இருந்தார் என்று அவர் தலையாட்டினார். அம்மா பேனாவை வாங்கி, சம்மதப் படிவத்தில் எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். கைநாட்டு வைக்கலாம் என்று தாதி சொன்னதை அவர் ஏற்கவில்லை.

சின்ன வெட்டுத்தான். நரம்பை அழுத்திய துண்டை மட்டும் எடுத்தார்கள். மறுநாளே பிடித்து நடக்க வைத்தார்கள். கால் இழுப்பு அன்றைக்கே போயிற்று, மரப்பு மட்டும் மெதுவாகத்தான் குறைந்தது. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடம் என் கைக்கு வந்தது.

ஆறாவது வாரக் கிளினிக்கில் டொக்டர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் கேட்பதற்கு முன்பே அம்மா செருப்பைக் கழற்றி, வலது பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்.