மொக்கை ஜோக்குக்குச் சிரிக்கும் வேலை

டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரை ‘தி ஆஃபீஸ்’ என்ற நகைச்சுவைத் தொடரைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். இரண்டு எபிசோடு பார்த்துவிட்டு வந்தவர், “அண்ணா, இதுல எங்க சிரிக்கணும்?” என்றார். நியாயமான கேள்விதான். 2001-இல் பிபிசியில் ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் இதைத் தொடங்கியபோதே, பின்னணியில் சிரிப்பொலி சேர்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்லவ் என்ற ஊரில் ஒரு காகித நிறுவனம். அதை ஆவணப்படக்காரர்கள் படம் பிடிப்பதுபோல் அமைப்பு. மேனேஜர் டேவிட் பிரென்ட் ஜோக் அடிப்பார். யாரும் சிரிக்க மாட்டார்கள். போன் மணி, பிரின்டர் சத்தம், அவ்வளவுதான்.

பிற நகைச்சுவைத் தொடர்களில் பதிவு செய்து வைத்த சிரிப்பொலி செய்யும் வேலையை ஆபீசில் நாங்கள் செய்கிறோம். மேனேஜர் வாயைத் திறந்து முடிப்பதற்குள் ஆறு பேர் சிரித்தாக வேண்டும். அப்ரைசல் நெருங்கினால் சத்தம் இன்னும் கொஞ்சம் கூடும். அதனால் தன் ஜோக்கின் உண்மையான தரம் என்னவென்று மேனேஜருக்குக் கடைசி வரை தெரிவதே இல்லை. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது ஒரே ஒருமுறை எங்கள் மேனேஜருக்குத் தெரியவந்தது. வீடியோ மீட்டிங்கில் ஜோக் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எங்கள் மைக் எல்லாம் மியூட்டில். திரையில் எங்கள் பெயரின் முதலெழுத்து போட்ட வட்டங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றும் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து, “ஹலோ... நான் பேசறது கேக்குதா?” என்றார். நாலைந்து பேர் அடித்துப் பிடித்து மியூட்டை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். யாரோ ஒருவர் வீட்டுக் குக்கர் விசிலும் கூடவே வந்தது.

அந்த நேரத்தில் உடம்பு நெளிந்ததே, அதைத்தான் இந்தத் தொடர் அரை மணி நேரத்துக்கு இழுத்துக் காட்டுகிறது. இரண்டாவது சீசனில் பிரென்ட் ஆடும் நடனம் நல்ல உதாரணம். அவருக்கு மேலதிகாரியான நீல் ஊழியர்கள் முன்னால் அழகாக ஆடிக் கைதட்டல் வாங்கிவிடுகிறார். பிரென்டுக்குப் பொறுக்கவில்லை. பாட்டே இல்லாமல், வாயாலேயே தாளம் போட்டுக்கொண்டு, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று ஆடத் தொடங்கிவிடுகிறார். ஊழியர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். கேமராவும் விலகாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நமக்குத்தான் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாமா என்று தோன்றும்.

பிரென்ட் கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் பிடித்தவராக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர். கெட்ட மேனேஜர் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். அசடு வழிபவரை என்ன செய்வது? முதல் எபிசோடில், புதிதாக வந்தவர் முன்னால் கெத்து காட்ட வரவேற்பாளர் டானைக் கூப்பிட்டு, போஸ்ட்-இட் காகிதம் திருடியதற்காக வேலையை விட்டு நீக்குவதாக விளையாட்டுக்குச் சொல்கிறார். அந்தப் பெண் அழுதுவிடுகிறார். பிரென்டின் முகம் போகிற போக்கைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, கஷ்டமாகவும் இருக்கிறது.

இந்த மாதிரி நேரத்தில் பிரென்டிடம் வேலை பார்க்கும் டிம் கேமராவைப் பார்ப்பார். இதையே அமெரிக்காவில் மறுபடி எடுத்த தொடரில் அந்த ஆள் ஜிம். ஒரு நொடிதான், ‘பார்த்தீர்களா?’ என்பதுபோல். என் சீட்டுக்கு எதிரே உட்காரும் அக்காதான் எனக்குக் கேமரா. மீட்டிங்கில் அவர் பக்கம் திரும்பவே மாட்டேன். திரும்பினால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும்.

2005-இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர் கொஞ்சம் இளகிய மனசு கொண்டது. ஆறே எபிசோடு கொண்ட முதல் சீசனுக்குப் பிறகு மேனேஜர் மைக்கேல் ஸ்காட்டை நமக்குப் பிடித்தவராக மாற்றிவிட்டார்கள். இருந்தும் 2009-இல் வந்த ஒரு எபிசோடை ரசிகர்களிலேயே பலர் தாண்டிப் போய்விடுவார்கள். பத்து வருடத்துக்கு முன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம், பள்ளியை முடித்தால் கல்லூரிக் கட்டணத்தை நான் கட்டுகிறேன் என்று மைக்கேல் வாக்குக் கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் வளர்ந்து, நன்றி சொல்ல அவருக்காகப் பாட்டும் ஆட்டமும் போடுகிறார்கள். கையில் பணம் இல்லை. கடைசியில் லேப்டாப் தருகிறேன் என்கிறார். லேப்டாப்கூட இல்லை, அதற்கான பேட்டரி மட்டும். ‘உன் பிரமோஷனுக்கு நான் கேரன்டி’ என்று கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தப் பேட்டரி எவ்வளவு கனம் என்று தெரியும்.

எனக்கு என்னவோ பிரிட்டிஷ் தொடர்தான் ஒரு படி மேல். பன்னிரண்டு எபிசோடும் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியுமாக முடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் 201 எபிசோடு. மதியச் சாப்பாட்டோடு ஒன்று என்று போட்டுப் பார்க்கத் தோது. பிரிட்டிஷ் தொடரை மட்டும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பார்ப்பதில்லை. திங்கள் காலை பத்து மணிக்கு டீம் மீட்டிங் இருக்கிறது.