உப்பு அரித்ததா, நோய் அரித்ததா?

ராமநாதபுரம் கரையோர மணலில் பழைய மனித எலும்பு வெளிப்பட்டால், நோயைத் தேடும் முன் உப்பைப் பாருங்கள். சிப்பித்தூள் கலந்த மணலில் சுண்ணாம்பு அதிகம், அதனால் எலும்பு கரையாமல் நிற்கும். ஆனால் எலும்புக்குள் ஊறிய உப்பு, வெயிலில் காயும்போது படிகமாகி மேற்பரப்பைச் செதில் செதிலாகக் கழற்றிவிடும். பார்வைக்கு அப்படியே நோய்ப்புண். அதனால் எடுத்த எலும்பை நிழலில், மெதுவாகத்தான் உலர்த்த வேண்டும். சீமைக்கருவேல வேர் வேறு, எலும்பின் மேல் நெளிநெளியாய்க் கோடு இழுத்து வைத்திருக்கும்.

பிரித்தறிய 10 மடங்கு லென்ஸும், பக்கவாட்டில் பிடித்த டார்ச்சும் போதும். உயிரோடு இருந்த உடம்பு புண்ணைச் சுற்றிப் புது எலும்பு வளர்க்கும். ஓரம் மழுங்கி, நுண்துளைகளோடு படிவு இருந்தால் அது உயிரோடு இருக்கும்போது வந்தது. ஓரம் கூராக, உடைந்த ரஸ்க் போல இருந்தால் பெரும்பாலும் மண்ணின் வேலை.

காசநோயிடம் மட்டும் இந்த விதி முழுதாகச் செல்லாது. அது குடையும், ஆனால் புது எலும்பு கொஞ்சமாகத்தான் வைக்கும். அங்கே இடத்தைப் பார்க்க வேண்டும்: மார்பின் கீழ்ப்பகுதி, இடுப்புப்பகுதி முள்ளெலும்புகளின் முன்பக்கம் கரைந்து, பின்வளைவு தப்பியிருக்கும். முன்பக்கம் நொறுங்கினால் முதுகு கூனும். விலா எலும்பின் உட்பக்கத்தையும் விடாமல் தடவிப் பாருங்கள். நுரையீரல் உறை சுண்ணமேறி மெல்லிய தகடாகிக் கிடப்பதும் உண்டு. நம் கரையில் அதைச் சிப்பித் துண்டு என்று வீசிவிடுவது சுலபம், அதனால் விலாக்கூட்டுக்குள் இருந்த எதையும் கொட்டாதீர்கள்.

தொழுநோய்க்கு மூக்கைப் பாருங்கள். மூக்குத்துளையின் கீழ்முள் தேய்ந்து, ஓரம் உருண்டு, மேல் முன்பற்களைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்திருக்கும். விரலெலும்புகள் சீவிய பென்சில் போல ஒடுங்கும். 2 மி.மீ. சல்லடையில் சலிக்காவிட்டால் அந்தச் சிறு எலும்புகள் மணலோடு போய்விடும். ராஜஸ்தானின் பாலாத்தலில் கிடைத்த சுமார் 4,000 ஆண்டு பழைய எலும்புக்கூட்டில் தொழுநோய் இருந்ததாக 2009இல் வெளியான ஆய்வு, எலும்பின் மாற்றங்களை வைத்தே அந்த முடிவுக்கு வந்தது.

டி.என்.ஏ. பார்ப்பதானால் பல்லைக் கழுவவே கூடாது. கையுறை, முகக்கவசம் போட்டு எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றிக் குளிரில் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பக்கத்து மண்ணில் இரண்டு கரண்டியும் தனியாக எடுங்கள். ரத்தத்தில் ஓடிய கிருமி தங்குமிடம் பல்லின் கூழறை, அதாவது பல்லின் நடுவில் ரத்தக்குழாய் ஓடிய பொந்து. ஆய்வகத்தில் அங்கிருந்து சுமார் 50 மி.கி. தூள் சுரண்டி, சுண்ணத்தைக் கரைக்கும் இ.டி.டி.ஏ., புரதத்தை உடைக்கும் புரோட்டினேஸ் கே கலந்த கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்து, சிலிக்காவில் டி.என்.ஏ.வைப் பிடிப்பார்கள். ஒவ்வொரு தொகுப்போடும் தூள் போடாத வெற்றுக் குழாய் ஒன்று ஓட வேண்டும். அதிலும் கிருமி தெரிந்தால் அந்தத் தொகுப்பை நம்ப முடியாது.

காசக்கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் மண்ணிலேயே ஏராளம். ஒரே ஒரு மரபணுத்துண்டு பொருந்தியது என்று காசநோய் என அறிவித்துவிடக் கூடாது. பல இடங்களில் பொருந்த வேண்டும். பழைய டி.என்.ஏ.தான் என்பதற்கு அடையாளமாக, துண்டுகள் குட்டையாக இருக்க வேண்டும், அவற்றின் நுனிகளில் டி.என்.ஏ.வின் சி (C) எழுத்து டி (T) ஆகச் சிதைந்திருக்க வேண்டும். கூடவே எடுத்த மண்ணிலும் அதே துண்டு வந்தால், அது பல்லுக்குள் வெளியிலிருந்து புகுந்ததாக இருக்கலாம்.

ஒன்றுமே தெரியாத எலும்பை ஆரோக்கியமானவர் எலும்பு என்று எழுதிவிடாதீர்கள். காலரா சில நாளில், சில மணி நேரத்தில்கூடக் கொன்றுவிடும். எலும்பு மாற அவகாசமே இராது. காசநோயிலும் சிகிச்சையில்லாத நூறு பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்குத்தான் எலும்பில் ஏறும்.