கண்டி முதலில், கொழும்பு அப்புறம்

2024 நவம்பர் 9, சனி

எங்கள் ரக்பி கிளப்பின் இலங்கை டூர் உறுதியாகிவிட்டது. பிப்ரவரியில் போகிறோம். மாதத்தை முடிவு செய்தது மழைதான். இப்போது இங்கே சென்னையில் மைதானம் குளமாகக் கிடக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை கொழும்புப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. ஆகஸ்டில் போகலாமே என்றான் ஒரு பையன். கண்டியில் எசல பெரஹரா என்ற பெரிய ஊர்வலத் திருவிழா நடக்கிற சமயம் அது. அப்போது ஒரு டீமுக்கே அறை கேட்டால் எங்கே கிடைக்கும்?

கண்டியில் நித்தவெல மைதானத்தைக் கேட்டு எழுதியிருக்கிறேன், கண்டி ஸ்போர்ட்ஸ் கிளப்பின் சொந்த மைதானம். கொழும்பில் ஹேவ்லாக் பார்க் அல்லது லாங்டன் பிளேஸ். ராயல் கல்லூரியும் டிரினிட்டி கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்கு மோதும் நாடு; பள்ளிக்கூட மேட்சுக்கே ஊர் திரளும். நம்மூரில் ரக்பி ஆடுகிறேன் என்றால், அமெரிக்காவில் ஹெல்மெட் போட்டு ஆடுவார்களே அதுவா என்கிறார்கள். இந்த விளையாட்டைத் தெரிந்த கூட்டத்துக்கு முன்னால் எங்கள் பசங்கள் ஒரு தடவையாவது ஆட வேண்டும்.

நவம்பர் 13, புதன்

வெளிநாட்டு டூருக்கு இரண்டு நாட்டு ரக்பி சங்கங்களின் அனுமதியும் வேண்டும். கடிதங்கள் போய்விட்டன. பாஸ்போர்ட் நகல்களையும் வாங்கிப் பார்த்தேன். இலங்கைக்குள் நுழைய ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். இரண்டு பேருக்கு இல்லை. உடனே தட்கலில் போடச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

எத்தனை பேர் போவது என்று இன்று உட்கார்ந்து பேசினோம். 22 பேர் போதும், ஒரு டிக்கெட் காசு மிச்சம் என்றார் பொருளாளர். மேட்சுக்கு 23 பேர் பட்டியல் கொடுத்தால் அதில் ஆறு பேர் ஸ்க்ரம்மின் (இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளுவது) முன்வரிசைக்கு, அதாவது ப்ராப், ஹூக்கர் இடங்களுக்கு, பழகியவர்களாக இருக்க வேண்டும். 22 என்றால் ஐந்து. விதிப்படி சரிதான். ஆனால் முதல் மேட்சில் ஒரு ப்ராப் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால்? பழகாத பையனை ஸ்க்ரம்மின் முன்வரிசையில் நிறுத்தக் கூடாது, கழுத்து போய்விடும். தள்ளாத ஸ்க்ரம் வைத்துத்தான் ஆட்டத்தை முடிக்க வேண்டிவரும். அதற்கா கடல் தாண்டிப் போகிறோம்? 26 பேர், அதில் எட்டு பேர் முன்வரிசை என்று முடிவாயிற்று. மிச்சம் பிடிக்க வேறு இடம் பார்ப்போம்.

நவம்பர் 23, சனி

இன்று கோச்சோடு பெரிய வாக்குவாதம். அவருக்கு மூன்று மேட்ச் வேண்டும்: பிப்ரவரி 8 சனி, 12 புதன், 15 சனி. காலண்டரை எடுத்துக் காட்டினேன். 12ஆம் தேதி நவம் போயா, அதாவது பௌர்ணமி; அங்கே பொது விடுமுறை. அந்தச் சமயம் கொழும்பில் கங்காராமய விகாரையின் பெரஹராவும் வரும். பஸ்ஸை எந்தத் தெருவில் விடுவது?

சரி, செவ்வாய் ஆடலாம் என்றார். அங்கேதான் நான் ஒப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை எண்பது நிமிடம் ஸ்க்ரம் தள்ளியவனுக்கு ஞாயிறு படியிறங்கவே முடியாது. வலியோடு டேக்கிள் போடுகிறவன், அதாவது பந்தோடு வருகிறவனைப் பிடித்துச் சாய்க்கிறவன், தலையைத் தப்பான பக்கம் வைப்பான். அடிபட்டு மூளை அதிர்ந்திருக்குமோ, கன்கஷனோ என்று சந்தேகம் வந்தாலே வெளியே உட்கார வேண்டும். எங்களைப் போன்ற கிளப் ஆட்டக்காரர்கள் மறுபடி ஆட 21 நாள் ஆகும் என்பது உலக ரக்பி அமைப்பின் வழிகாட்டுதல். டூரே முடிந்துபோகும். ஃபிசியோவும் என் பக்கம் நின்றார். இரண்டு மேட்ச், நடுவில் ஒரு முழு வாரம். கோச்சுக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். மதியத்திலிருந்து சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். பிப்ரவரியில் புயல் வராதுதான். ஆனாலும் மேட்சுக்கு முந்தின நாள் விமானம் என்ற யோசனையை இன்றோடு விட்டோம். 6ஆம் தேதி வியாழனே போய்விடுகிறோம்.

டிசம்பர் 5, வியாழன்

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போனால் மலிவு என்று ஒரு பேச்சு. நானும் ஆசையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னையிலிருந்து நாகை சுமார் 300 கி.மீ., அப்புறம் கடல், யாழ்ப்பாணம் போய் ஏ9 நெடுஞ்சாலையில் கண்டிக்கு இன்னும் 320 கி.மீ. அத்தனை நேரம் முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு யார் ஓடுவது? விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் கட்டுநாயக்க விமான நிலையம்.

கட்டுநாயக்க கொழும்புக்கு வடக்கே இருக்கிறது. கொழும்புக்குள் நுழையாமல் நேரே கண்டிக்கு ஏறிவிடலாம். கண்டியில் முதல் மேட்ச், பிறகு மலையிறங்கி கொழும்பு, 16ஆம் தேதி அங்கிருந்தே வீடு. கொழும்பை முதலில் வைத்தால் அதே மலைச்சாலையில் மேட்ச் முடிந்த உடம்போடு இறங்கி வந்து விமானம் பிடிக்க வேண்டும்.

டிசம்பர் 14, சனி

நித்தவெல கிடைத்துவிட்டது! கொழும்பில் லாங்டன் பிளேஸ். டேக்கிள் பைகளை அவர்களே தருகிறார்களாம், பாதி லக்கேஜ் குறைந்தது.

சாயங்காலம் கிட் பைகளைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தோம். காற்று இறக்கிய பந்துகளைத் தட்டையாக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரே பையில் போய்விடுகின்றன. பம்ப், ஊசி, ஃபிசியோவின் கத்தரிக்கோல் எல்லாம் செக்-இன் பையில். டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டியாயிற்று. பாஸ்போர்ட் ஒன்று வந்துவிட்டது. இன்னொன்றுக்கு போலீஸ் விசாரணை பாக்கி. கோச் வந்து, நடு வாரத்தில் கண்டி ஜூனியர்களோடு ஒரு பயிற்சியாவது வைக்கலாமா என்று கேட்டார். டேக்கிள் இல்லாமல் என்றால் தாராளமாக வைக்கலாம் என்றேன்.