வாகனமும் இல்லை, தடயமும் இல்லை: சகாரா நாட்குறிப்பு

2003 ஏப்ரல் 15

இன்றைக்குக் கராஜுக்கு வந்த எல்லோர் வாயிலும் அல்ஜீரியாதான். சகாராவில் காணாமல் போன ஐரோப்பியர் தொகை 30ஐத் தாண்டிவிட்டது. பெப்ரவரியிலிருந்து குழுக் குழுவாக மறைந்திருக்கிறார்கள். சிலர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள், சிலர் நான்கு சில்லும் இழுக்கும் வாகனங்களில். பலர் போனது வார்க்லாவுக்குத் தெற்கே இல்லிஸிப் பக்கம். வழிநெடுகப் பழங்காலப் புதைகுழிகள் இருப்பதால் அங்கே ஒரு தடத்துக்குக் கல்லறைப் பாதை என்றே பெயர்.

ஈராக் போருக்காக அமெரிக்கா ஜி.பி.எஸ். சமிக்ஞையைக் குழப்பிவிட்டது, அதனால் வழி தவறினார்கள் என்று ஒரு கதை ஓடுகிறது. எனக்கு அதில் துளியும் நம்பிக்கையில்லை. போர் தொடங்கியது மார்ச் 20இல். முதல் ஆட்கள் அதற்குப் பல கிழமைக்கு முன்பே மறைந்துவிட்டார்கள். அதோடு, வழி தவறியவரின் வாகனம் எங்கேயாவது நிற்கும். டீசல் முடியலாம், அச்சு உடையலாம், மணலில் புதையலாம், ஆனாலும் நிற்கும். மேலேயிருந்து பார்த்தால் ஆள் தெரியாது, வாகனம் தெரியும். அதனால்தான் வாகனத்தை விட்டு நடக்காதே என்று பாலைவனம் போகிறவர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்வது. ராணுவம் தேடுகிறது, ஹெலிகாப்டர் பறக்கிறது, சகாராவிலேயே வாழும் துவாரெக் இன ஆட்கள் ஒட்டகத்தில் போகிறார்கள். ஒரு மோட்டார் சைக்கிள்கூட அகப்பட்டதாகச் செய்தி இல்லை. யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 19

ஒவ்வொரு குளிர்காலமும் சகாரா போகிற வாடிக்கையாளர் ஒருவர் லாண்ட் குரூசரைக் கொண்டுவந்தார். புதைந்த சில்லுக்கு அடியில் வைக்கிற மணற்தகடு இரண்டும் பின்பக்கத்தில் கட்டியபடி இருந்தன, துளைகளில் இன்னும் செம்மணல். மிஷெலின் வரைபடத்தை என்ஜின் மூடியில் விரித்து, கடைசியாக யார் யாரை எந்தக் கிணற்றடியில் கண்டார்கள் என்று பென்சிலால் குறித்துக் காட்டினார். பயணிகளும் குடும்பங்களும் ஆளுக்காள் தொலைபேசியில் விசாரித்துச் சேர்த்த தகவல் அது.

ஏன் இவ்வளவு நாள் யாருக்கும் தெரியவில்லை என்று கேட்டேன். தனியாக, வழிகாட்டி இல்லாமல் போனவர்கள். நாள் குறித்து அவர்களை எதிர்பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. பக்கத்து நாடான துனீசியாவின் துனிஸிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பும் கப்பலுக்கு ஆள் வரவில்லை என்றால்தான் வீட்டில் பயம் பிடிக்கும். அதற்குள் கிழமைகள் ஓடிவிடும்.

மே 14

17 பேரை அல்ஜீரிய ராணுவம் மீட்டுவிட்டது! பத்து ஒஸ்திரியர், ஆறு ஜேர்மனியர், ஒரு சுவீடன்காரர். சலஃபிச, அதாவது தீவிர இஸ்லாமியவாத, ஆயுதக் குழுவொன்றுதான் கடத்தியிருக்கிறது. இன்னும் 15 பேர் அவர்கள் கையில். மீட்கப்பட்டவர்கள் விமானத்திலிருந்து இறங்குவதைத் தொலைக்காட்சியில் காட்டும்போது, மற்ற 15 பேரின் வீட்டாரும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருப்பார்கள்? காணாமல் போனவருக்காகக் காத்திருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் எத்தனையோ. அந்தக் காத்திருப்பு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மே 24

21ஆம் திகதி அல்ஜியர்ஸுக்குக் கிழக்கே பெரும் பூகம்பம். செத்தவர் தொகை ஏறிக்கொண்டே போகிறது. கடத்தப்பட்டவர்கள் பற்றி இன்றையப் பத்திரிகையில் ஒரு வரியும் இல்லை.

ஆகஸ்ட் 2

பிடிபட்டவர்களில் ஒரு பெண் வெயில் தாங்காமல் இறந்துவிட்டார். பாலைவனத்திலேயே புதைத்துவிட்டார்களாம். மற்றவர்களை எல்லை தாண்டிப் பக்கத்து நாடான மாலிக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். இவர்கள் புறப்பட்டது குளிர்காலப் பயணத்துக்கு. கோடையில் அந்தப் பக்கம் உள்ளூர்க்காரரே பகலில் நடமாடுவதில்லை. தண்ணீரும் நிழலும் மட்டுமட்டாக இருக்கும் இடத்தில், இத்தனை மாதம் இடம் மாற்றி மாற்றி இழுத்துத் திரிந்திருக்கிறார்கள். கோபம் அடங்கவில்லை.

ஆகஸ்ட் 20

14 பேரும் 18ஆம் திகதி மாலியில் விடுதலை. ஒன்பது ஜேர்மனியர், நான்கு சுவிஸ்காரர், ஒரு நெதர்லாந்துக்காரர். பணம் கைமாறியதாகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. பெர்லின் வாய் திறக்கவில்லை. கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பணம் துவக்காகவும் வாகனமாகவும் திரும்பி வரும் என்ற பயம் இருக்கிறது.

வாடிக்கையாளர் இந்தக் குளிர்காலம் போவதில்லையாம். அல்ஜீரியாவின் தென்கிழக்கில் இருக்கும் ஜானெட்டில் பயணிகளைக் கூட்டிப்போய்ப் பிழைக்கிற துவாரெக் குடும்பங்களுக்கு வருமானம் அந்தச் சில மாதங்களில்தான். ஒட்டகத்தில் போய்த் தேடியவர்கள் அவர்கள். இந்தப் பருவத்தை எப்படிக் கடத்துவார்கள் என்று ஒரு பத்திரிகையும் எழுதவில்லை.