பூந்தோட்டம், பின்பக்கம்

ஜனவரி 6
கட்டிலில் வெள்ளை விரிப்பு போட்டு, அதன்மேல் குவில்ட் டாப்பைப் பின்பக்கம் தெரிய விரித்தாயிற்று. டாப் என்றால் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த மேல்துணி மட்டும்; பஞ்சும் அடித்துணியும் வைத்துத் தைத்தால்தான் போர்வை முடியும். முன்பக்கம் அழகு காட்டும், பின்பக்கம்தான் நிலவரம் சொல்லும். 'பாட்டியின் பூந்தோட்டம்' வடிவம்: நடுவில் மஞ்சள் அறுகோணம், சுற்றி 6, அடுத்த சுற்றில் 12, அப்புறம் வெள்ளைப் பாதை. எல்லாம் கையால் போட்ட ஓட்டுத் தையல். தையலுக்கு வெளியே கால் அங்குலம் துணி இருக்க வேண்டும். பல இடத்தில் அரைக்கால்கூட இல்லை. பிரிந்துகொண்டிருக்கும் மூலைகளெல்லாம் அந்த இடங்கள்தான்.

சில பூக்கள் தீவனச் சாக்குத் துணி. நெசவு தளர்வு, ஒரு ஓரத்தில் சாக்கின் சங்கிலித் தையல் விட்டுப்போன ஓட்டை வரிசை. அப்படியானால் இது 1930களின் அமெரிக்கக் கிராமத்து வீட்டில் தைத்தது.

ஜனவரி 7
துவைக்கக் கூடாது. யார் சொன்னாலும்.

ஜனவரி 9
ஏன் கூடாது என்று மாமியாருக்குப் போனில் விளக்கவேண்டி வந்தது. பஞ்சும் அடித்துணியும் இல்லாத டாப் தண்ணீரில் நனைந்தால் தன் எடையாலேயே தையலை இழுக்கும். வெட்டிய ஓரங்கள் நூல் நூலாக உதிர்ந்து பின்பக்கம் சிக்கிக்கொள்ளும். தூசிக்கு, நைலான் வலையை மேலே வைத்துக் குறைந்த இழுப்பில் வாக்குவம் போதும். "அப்போ எப்போம்மா போர்த்திக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி.

ஜனவரி 12
பழுப்புத் துண்டுகள். மற்றவை எல்லாம் தைத்தவர் காலத்துத் துணி, இவை மட்டும் அதற்கும் முந்தைய தலைமுறையின் துணி மூட்டையிலிருந்து வந்திருக்க வேண்டும். பூ அச்சில் பழுப்புக் கோடு ஓடும் இடம் மட்டும் பொடிந்திருக்கிறது, பக்கத்து வெள்ளை திடமாக நிற்கிறது. பழைய பழுப்பு, கறுப்புச் சாயங்களில் டானினோடு (செடிகளின் துவர்ப்புச் சத்து) இரும்பு உப்பும் சேர்ப்பார்கள். அந்த இரும்பு பருத்தி இழையை உள்ளிருந்தே அரிக்கும். நிறுத்த வழியில்லை. கழுவினாலும் போகாது. ஊசி பட்டால் அப்பளம்.

ஜனவரி 13
பழுப்பு.

ஜனவரி 17
பஞ்சும் அடித்துணியும் சேர்த்துத் தைக்க மெஷின் கடையில் கொடுத்தால் சீக்கிரம் முடியும். ஆனால் லாங்-ஆர்ம் என்ற பெரிய குவில்ட் மெஷினின் சட்டத்தில் துணியை உருளைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டுவார்கள்; அந்த இழுப்புக்கு அரைக்கால் தையல் தாங்காது. கையால் என்றால் 10ஆம் எண் குட்டை ஊசி, பருத்தி நூல், ஒவ்வொரு அறுகோணத்துக்கும் உள்ளே கால் அங்குலத்தில் ஒரு சுற்று. அந்தக் காலத்துப் பஞ்சு தையல் நெருக்கமாக இல்லாவிட்டால் உருண்டு கட்டியாகிவிடும். இப்போதைய ஊசிக்குத்துப் பஞ்சு (ஊசிகளால் குத்தி இழைகளைப் பிணைத்தது) 8 அங்குல இடைவெளியும் தாங்கும். அதனால் நெருக்கமாகத் தைப்பது பஞ்சுக்காக இல்லை, அந்த வடிவத்துக்கு அதுதான் லட்சணம்.

ஜனவரி 18
ஓரத்தை நேராக வெட்டச் சொல்கிறார்கள். அரை அறுகோணங்களாக! மாட்டேன். அடித்துணியையும் டாப்பின் ஓரத்தில் இருக்கும் அதே பல் வரிசையில் வெட்டி, இரண்டையும் உள்ளே மடித்துத் தைக்கலாம். உள்மூலைகளில் மட்டும் சிறு வெட்டு.

ஜனவரி 22
தொடாமலே வைக்கலாமா? நெப்ராஸ்காவின் லிங்கனில் இருக்கும் சர்வதேசக் குவில்ட் மியூசியம் மாதிரி இடங்கள் முடியாத டாப்பை முடியாததாகவே காப்பாற்றும். இது அபூர்வமா? இல்லை. 1930களில் அமெரிக்காவில் இந்த வடிவத்தைத் தைக்காத ஊர் குறைவு. அபூர்வமாக இருந்திருந்தால் அமிலமில்லாத தாளோடு உருளையில் சுற்றி, பருத்தித் துணி போர்த்தி வைத்துவிடுவேன். பிளாஸ்டிக் பையிலோ, சும்மா மரப்பெட்டியிலோ இல்லை. மடிப்பில் பழுப்பேறிய கோடுகள் இது இத்தனை நாள் இருந்த மரப்பெட்டியின் வேலை.

ஜனவரி 25
ஈரப் பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு நிறத்தையும் ஒற்றிப் பார்த்தேன். ஒரு சிவப்பு மட்டும் கசிகிறது. முடித்த பிறகும் இதற்குத் தண்ணீர் கிடையாது.

ஜனவரி 26
பழுப்பை வெட்டி எடுக்க வேண்டாம். அதன்மேல் அந்தக் கால அச்சைப் போன்ற புதுத் துணியில் அறுகோணம் வைத்து, பக்கத்துத் துண்டுகளின் திடமான ஓரத்தில் ஊசி விழும்படி மறைதையல். பழசு அடியிலேயே இருக்கும். நாளை யாராவது பிரித்தால் கிடைக்கும்.

பிப்ரவரி 1
அடித்துணிக்கான மஸ்லின் (சாதாரண பருத்தித் துணி) வந்தது. வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகுதான் அளக்க வேண்டும், முதல் அலசலிலேயே சுருங்கும். நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதல்.

பிப்ரவரி 3
முதல் பழுப்பு மூடியாயிற்று.