உதைக்கும் முன்பே அசைகிற உடம்பு

ரைஃபிளின் மேகசினில் (தோட்டா அடைக்கும் பெட்டி) ஐந்து தோட்டா. அதில் ஒன்று டம்மி, அதாவது வெடிக்காத போலித் தோட்டா. அடைத்துக் கொடுப்பவர் வேறு ஆள் என்பதால் அது எத்தனையாவது என்று சுடுபவருக்குத் தெரியாது. முதல் இரண்டும் வெடிக்கின்றன. மூன்றாவதில் 'டிக்' என்ற சத்தம் மட்டும். அப்போது குழல் முனையைக் கவனிக்க வேண்டும். உதையே (வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் தள்ளுவது) இல்லாத துப்பாக்கி இரண்டு விரற்கடை குனிந்து எழும். தோள் முன்னே முட்டும், இமை மூடித் திறக்கும். "துப்பாக்கி ரொம்ப உதைக்குது, அதான் குறி கீழே போகுது" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகு துப்பாக்கியைக் குறை சொல்வதில்லை. (டிக் சத்தம் கேட்டதும் போல்ட்டை (தோட்டாவை ஏற்றி இறக்க இழுக்கும் பகுதி) இழுக்கக் கூடாது. டம்மியா, தாமதமாக வெடிக்கப்போகும் தோட்டாவா என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 வினாடி காத்திருக்க வேண்டும்.)

ரேஞ்சில் உதை பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை உதையை எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே சுளிக்கும் இந்தச் சுளிப்பைப் பற்றியவைதான். கணக்குப் போட்டால் ஏன் என்று தெரியும். .308 என்ற பெரிய ரைஃபிள் தோட்டாவில் குண்டு 9.7 கிராம், வேகம் வினாடிக்கு 860 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெடிமருந்து 2.9 கிராம். எரிந்து வாயுவாகிப் பீறிடும்போது அது குண்டைவிட வேகமாகப் போகிறது. மொத்த உதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வாயுவின் கணக்கு. ரைஃபிளின் எடை 3.6 கிலோ என்றால் அது வினாடிக்குச் சுமார் 3.4 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். ஆற்றல் 21 ஜூல் அளவு. அதே எடையில், சிறிய தோட்டா போடும் ஒரு .22 ரைஃபிள் கால் ஜூலைக்கூடத் தொடாது.

குண்டு குழலுக்குள் இருப்பது ஒன்று முதல் ஒன்றரை மில்லிவினாடி. அதற்குள் துப்பாக்கி நகர்வது சுமார் 2 மில்லிமீட்டர். மனிதன் எதற்கும் பதில்வினை காட்டக் குறைந்தது 150 மில்லிவினாடி ஆகும். உதையை உணர்ந்து அடக்க நினைக்கும்போது குண்டு நூறு மீட்டர் தாண்டியிருக்கும். ஆக, உதையை எதிர்த்துப் பிடிக்கிற பேச்சுக்கே இடமில்லை. அந்த 2 மில்லிமீட்டர் ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் போகும்படி முன்கூட்டியே உடம்பை அமைத்துவிடலாம், அவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது.

படுத்துச் சுடும்போது இது பளிச்சென்று தெரியும். குழலுக்கு நேர்ப் பின்னால் முதுகுத்தண்டு இருந்தால் உதை தோளில் நுழைந்து இடுப்பு வரை இறங்கிவிடும், ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கி) தெரியும் குறுக்குக்கோடு நேராக எழும்பி இலக்குக்கே திரும்பும். உடம்பு சாய்வாகக் கிடந்தால் எதிர்ப்பு ஒரு பக்கம் மட்டும்தான். ரைஃபிள் பக்கவாட்டில் எகிறும். பைபாடின் (குழலைத் தாங்கும் இருகால் தாங்கி) கால் துள்ளினால் முக்கால்வாசி காரணம் இதுதான். கால் சிமென்ட் தரையில் நின்றாலும் துள்ளும், அடியில் பாய் போட்டால் அடங்கும். குறி வைத்துவிட்டுக் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். குறி விலகியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யாமல் இடுப்பை நகர்த்துங்கள். கையால் இழுத்த குறி வெடித்ததும் பழைய இடத்துக்கே போய்விடும்.

அடிக்கட்டை (துப்பாக்கியின் தோளில் பதியும் பின்பகுதி) உட்கார வேண்டிய இடம் காறை எலும்புக்கும் தோள் மூட்டுக்கும் நடுவே உள்ள சதைக்குழி. தோலுக்கும் கட்டைக்கும் இடையே இடைவெளி விடவே கூடாது. ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலும் துப்பாக்கி வேகமெடுத்து வந்து குத்தும், ஒட்டியிருந்தால் தள்ளும். வலியின் வித்தியாசம் அதில்தான். அழுத்தம் உறுதியான கைகுலுக்கல் அளவுக்குப் போதும். நடுங்குகிற அளவுக்கு இழுத்துப் பிடித்தால் அந்த நடுக்கமும் குறியில் சேரும். கன்னம் கட்டையில் படிந்திருக்கட்டும், ஆனால் கழுத்தை நீட்டித் தேடக் கூடாது. ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் பொதுவாக 8 அல்லது 9 சென்டிமீட்டர் இருக்கும். நீட்டிய கழுத்துக்காரர்களுக்குத்தான் புருவத்தில் அரைவட்ட வெட்டு விழும்.

விசையை இழுத்தபின் அதை விடாமல் பின்னாலேயே பிடித்து, கண்ணைத் திறந்து வைத்து, குறுக்குக்கோடு எங்கே போய் எங்கே திரும்பியது என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்க முடிகிறவருக்குச் சுளிப்பு இல்லை. பார்க்க முடியவில்லை என்றால் .22-க்கு இறங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. பெரிய ரைஃபிளில் ஒரு அமர்வுக்கு 20 தோட்டாவுக்கு மேல் போனால் புதியவர்களுக்குச் சுளிப்பு கற்றுக்கொடுப்பது போலத்தான் ஆகும். காதடைப்பானுக்கு மேல் காதுக்கவசமும் போட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பயப்படுவது சத்தத்துக்கு, உதைக்கு அல்ல.

கருவிகளில் எடை நம்பகமானது. அரை கிலோ கூட்டினால் மேலே சொன்ன 21 ஜூல் 19-க்குக் கீழே இறங்கும். மஸில் பிரேக் (வாயுவைப் பக்கவாட்டில் திருப்ப குழல் முனையில் மாட்டும் துண்டு) இன்னும் நன்றாக வேலை செய்யும், ஆனால் வாயுவையும் சத்தத்தையும் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர் மேல் தள்ளிவிடும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு (ஸ்பிரிங் விசையால் காற்றை அழுத்திச் சுடுவது) மட்டும் இந்த விதிகள் தலைகீழ். அது பின்னுக்கும் முன்னுக்கும் இருமுறை உதைக்கும், இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கக் குறி சிதறும். உள்ளங்கையில் வைத்து விட்டுவிட வேண்டியதுதான்.

மறுநாள் காலை சட்டையைக் கழற்றித் தோளைப் பாருங்கள். காறை எலும்பின் மேல் கன்றியிருந்தால் கட்டை கழுத்துப் பக்கம் ஏறியிருக்கிறது. புஜத்தில் கன்றியிருந்தால் வெளியே சரிந்திருக்கிறது. குழியின் நடுவே லேசாகச் சிவந்து, தொட்டால் மட்டும் வலித்தால் கட்டை இடத்தில்தான் இருந்திருக்கிறது.